இலை ஓரத்தில் ஒரு பிடி சாமை

(திருவண்ணாமலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சிறுதானியச் சமையல் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். ஒரே ஒரு பதார்த்தத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்று சொல்லி ஒப்புக்கொண்டேன். சாமையரிசியை உதிரியாக வேகவைத்து, வறுத்த மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, போட்டுத் தாளித்து, இலையில் பொரியல் வைக்கிற இடத்தில் வைக்கும் பதார்த்தம் அது. இதற்குப் பெரிய பெயர் எதுவும் இல்லை. சாமை மல்லாட்டைப் பொரியல் என்றே சொல்லிக்கொள்வோம்.

2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதற்கு முன்பே 2018ஐ இந்திய அரசு தேசியச் சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தது. கண்காட்சி நடந்தது, சமையல் போட்டி நடந்தது, நம்மில் பலரும் ஆளுக்கொரு பை சாமையோ தினையோ வாங்கி வந்தோம். அந்தப் பை இன்று எங்கே இருக்கிறது என்று உங்கள் வீட்டு அலமாரியைக் கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் பாதி தீர்ந்த நிலையில், வாய் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டபடி மேல்தட்டில் கிடக்கிறது. வாங்கிய ஆர்வம் பொய்யில்லை. சாமையை நாம் உட்கார வைத்த இடம்தான் தவறு. அரிசிச் சோற்றை இலையிலிருந்து எழுப்பிவிட்டு, அந்த இடத்தில் அப்படியே சாமைச் சோற்றை வைத்தோம். சாம்பார் ஊற்றினால் அது வேறு மாதிரி உறிஞ்சுகிறது. ரசம் ஊற்றினால் மணி மணியாக ஒதுங்குகிறது. வீட்டுப் பெரியவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, “சோறு இல்லையாம்மா?” என்று கேட்கிறார். நாற்பது ஐம்பது வருடமாகக் கைக்கும் நாவுக்கும் பழகிய ஒன்றை ஒரே நாளில் மாற்றச் சொன்னால் அப்படித்தான் கேட்பார்கள். அதில் அவர்கள் குற்றம் ஒன்றுமில்லை.

அதனால் நான் சொல்வது இதுதான். சோறு அதன் இடத்தில் இருக்கட்டும், கொஞ்சம் குறைவாக. சாமை பொரியலின் இடத்துக்கு வரட்டும். அங்கே வந்துவிட்டால் அதைச் சோற்றோடு யாரும் ஒப்பிட மாட்டார்கள். கடிக்கக் கடிக்க மணி தெரிகிறதா, உப்பும் காரமும் சரியாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஒருவருக்கு 40 கிராம் சாமையரிசி, ஒரு சிறிய கைப்பிடி போதும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் அப்படி இலைக்கு வந்தால், வருடத்துக்கு ஒருமுறை பொங்கலோடு முடிந்துபோகிற சாமையை விட அது எவ்வளவோ மேல்.

இந்த ஊரில் நின்று பேசும்போது இந்தப் பதார்த்தத்தில் எனக்கு இன்னொரு மகிழ்ச்சியும் உண்டு. இதில் இருக்கும் இரண்டும் இந்த மாவட்டத்துப் பொருள்கள். சாமை ஜவ்வாதுமலையில் விளைகிறது. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் மலைப்பாதையில் பருவத்தில் போனால் சரிவுகளில் கதிர் தலைசாய்ந்து நிற்பதைப் பார்க்கலாம். மல்லாட்டை அடிவாரத்தில், செங்கம், கலசபாக்கம், போளூர், வந்தவாசி என்று சமவெளி முழுவதும் இருக்கிறது. இரண்டுமே மழையை நம்பி ஆனி, ஆடியில் விதைக்கிற பயிர்கள். மூன்று, மூன்றரை மாதத்தில் கைக்கு வந்துவிடும். சிறுதானியங்களுக்கென்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மகத்துவ மையம் இதோ பக்கத்தில் அத்தியந்தலில்தான் இயங்குகிறது.

ஆனால் இந்த இரண்டு பயிர்களுக்கும் நடுவே பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. மல்லாட்டை தென் அமெரிக்காவில் பிறந்த செடி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டுப் பகுதியில் விளைந்த மல்லாட்டை மூட்டை மூட்டையாகப் புதுச்சேரிக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது. காசு தரும் பயிர் வந்ததும் அதுவரை வரகும் சாமையும் கேழ்வரகும் விளைந்த மானாவாரி நிலங்களில் பெரும்பகுதி அதன் பக்கம் போயிற்று. விவசாயியைக் குறை சொல்ல முடியாது. வரி கட்ட, கடன் அடைக்க, பெண்ணுக்குக் கல்யாணம் செய்ய அந்தக் காசு வேண்டியிருந்தது. பின்னால் நியாயவிலைக் கடை அரிசி வந்தது. 2011 முதல் தமிழ்நாட்டில் அது விலையில்லாமலே கிடைக்கிறது. அந்த அரிசி பசியை விரட்டியது, மலைக்கிராமங்களிலும் விரட்டியது. அதைப் பற்றி மரியாதையோடுதான் பேசவேண்டும். அதே காலத்தில் சாமை வயலும் சுருங்கியது, சாமை குத்துகிற கையும் ஓய்ந்தது. வயலில் ஒன்றையொன்று தள்ளிய இரண்டு பயிர்களை வாணலியில் சேர்த்து வைக்கலாம் என்பது என் ஆசை.

இனி அடுப்படிக்கு வருவோம். முதல் வேலை கடையில் இருக்கிறது.

கேழ்வரகுக்கும் கம்புக்கும் சோளத்துக்கும் அரிசியை இறுகப் பிடித்த உமி கிடையாது. அடித்துத் தூற்றினால் போதும். சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஆகிய ஐந்துக்கும் உண்ண முடியாத உமி இருக்கிறது. அதை நீக்கியே ஆகவேண்டும். உமியை மட்டும் நீக்கி, உள்ளே அரிசியை ஒட்டியிருக்கும் தவிட்டையும் முளைக்கருவையும் விட்டுவைத்தால் அது முழுத் தானியம். அதற்கு மேலும் தீட்டினால் வெள்ளையாகப் பளபளப்பாக வரும், சீக்கிரம் வேகும், அலமாரியில் நெடுநாள் தாங்கும். ஆனால் நார்ச்சத்தும் தாது உப்புகளும் பெரும்பாலும் தவிட்டோடு போய்விடும். சிறுதானியம் என்ற பெயரில் வெள்ளை வெளேரென்று தீட்டியதை வாங்கிச் சாப்பிடுவதற்கு நல்ல புழுங்கலரிசி சாப்பிடலாம், செலவாவது குறையும். தீட்டாத சாமையரிசி மங்கலான நிறத்தில், சற்றே பழுப்போ சாம்பலோ கலந்து இருக்கும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் லேசாகத் தவிடு ஒட்டும்.

அந்தத் தவிட்டில் எண்ணெய்ச் சத்து இருக்கிறது. உமி நீங்கிக் காற்றுப் பட்டதும் அது மெல்லச் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். அதனால் கடையில் விலை கேட்பதற்கு முன், “அண்ணே, இது எப்போ அரைச்சு வந்தது?” என்று கேளுங்கள். இரண்டு மாதத்துக்கு மேற்பட்டது என்றால் முகர்ந்து பார்க்காமல் வாங்காதீர்கள். கசந்த சாமையை ஒருமுறை சாப்பிட்ட குழந்தை மறுமுறை தொடாது. சாமை கசக்கும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருப்பதற்குப் பழைய சரக்குதான் காரணம்.

மல்லாட்டை வாங்குவதில் இன்னும் கவனம் வேண்டும். இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன், ஏனென்றால் இதை யாரும் மேடையில் சொல்வதில்லை. 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிப் பண்ணைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் செத்து விழுந்தன. காரணம் தெரியாமல் தேடித் தேடி, கடைசியில் அவற்றுக்குத் தீவனமாகப் போட்ட பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கில் வந்து நின்றார்கள். ஈரத்தில் கிடந்த கடலையில் வளர்ந்த ஒரு பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரந்திருந்தது. அந்த நஞ்சு கல்லீரலைத் தாக்கும், காலப்போக்கில் புற்றுநோயும் வரவைக்கும். வறுத்தால் போய்விடுமே என்று நினைக்கக் கூடாது. வறுப்பதில் கொஞ்சம் குறையும், முழுதாகப் போகாது. ஆகவே பொறுக்கித்தான் தீரவேண்டும். சுருங்கியது, கறுத்தது, பச்சையோ மஞ்சளோ பூத்தது, உடைந்து உள்ளே நிறம் மாறியது, இவற்றை முறத்தில் கொட்டிப் பொறுக்கி எறியுங்கள். கோழிக்கும் போடாதீர்கள். சாப்பிடும்போது வாயில் ஒன்று கசந்தால் விழுங்காமல் துப்பச் சொல்லிக் குழந்தைக்குப் பழக்குங்கள். தோலோடு வாங்குபவர்கள் காயைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். நன்றாகக் காய்ந்ததென்றால் உள்ளே பருப்பு கலகலவென்று ஆடும்.

தானியத்திலும் இதே கதை உண்டு. 2024 அக்டோபர் இறுதியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காப்பகத்தில் வரகு வயலில் மேய்ந்த யானைகளில் பத்து யானைகள் சில நாட்களுக்குள் இறந்துபோயின. அவற்றின் உடலில் சைக்ளோபயசோனிக் அமிலம் இருந்தது. ஈரத்தில் வரகுக் கதிரைப் பற்றுகிற பூஞ்சையின் வேலை அது. வரகு கெட்ட தானியம் என்று இதற்குப் பொருள் சொல்லிவிடாதீர்கள். கோபுரக் கலசத்துக்குள் நம் முன்னோர் நிரப்பி வைத்தது வரகைத்தான். நன்றாகக் காயவைத்துச் சேமித்த வரகை எத்தனையோ தலைமுறை உண்டு வாழ்ந்திருக்கிறது. களத்தில் காயவைக்கிற வெயில் சரியாக இல்லாவிட்டால் எந்தத் தானியமும் நஞ்சாகும் என்பதைச் சொல்லவே இதைச் சொன்னேன்.

சரி, சமையல். நான்கு பேருக்கு ஒரு டம்ளர் சாமையரிசி, ஏறத்தாழ 170 கிராம். மல்லாட்டைப் பருப்பு 60 கிராம். சின்ன வெங்காயம் பத்துப் பன்னிரண்டு, காய்ந்த மிளகாய் மூன்று, கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, எண்ணெய் இரண்டு சிறிய கரண்டி, உப்பு. கடைசியில் பிழிய அரை எலுமிச்சை. தேங்காய்த் துருவல் விருப்பம்தான். மல்லாட்டையிலேயே எண்ணெய் இருப்பதால் எனக்கு அது தேவைப்படுவதில்லை.

சாமையில் கல் இருக்கும். ஆயிரம் சாமை மணி சேர்ந்தால்தான் இரண்டு மூன்று கிராம் எடை வரும். அவ்வளவு பொடி மணியில் அதே அளவு மணல் கலந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. புடைத்தும் முழுதாகப் போகாது. அரித்துத்தான் எடுக்கவேண்டும். இரண்டு பாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் சாமையைச் சுழற்றி, மிதந்து வரும் அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாக அடுத்த பாத்திரத்தில் சாயுங்கள். மணல் அடியில் தங்கும். மேலே மிதக்கும் உமி நீங்காத மணிகளையும் அப்போதே வழித்துவிடலாம். இரண்டு மூன்று தடவை இப்படி மாற்றினால் போதும். இந்த வேலையில் அவசரப்படாதீர்கள். ஒரே ஒரு கல் பல்லில் பட்டால் சமைத்த அத்தனையும் வீண்.

அரித்ததை அரை மணி நேரம் ஊறவையுங்கள். தீட்டாத அரிசிக்குள் தண்ணீர் இறங்கத் தவிடு தடையாக நிற்கும், அதற்காகத்தான் ஊறல். பிறகு நீரை நன்றாக வடித்து, ஒரு துணியில் பரப்பிப் பத்து நிமிடம் விடுங்கள். வாணலியைச் சூடாக்கி, எண்ணெய் இல்லாமல், மிதமான தீயில் இந்த அரிசியைப் போட்டுக் கிளறுங்கள். முதலில் ஒட்டும். ஈரம் போகப் போகப் பிரிந்து மணலாக ஓடும். அடைமழை நாளில் வறுத்த கடலைக்குப் பக்கத்தில் நின்றால் வருமே, அது போன்ற ஒரு வாசம் வந்ததும் நிறுத்துங்கள். இந்த வறுப்புதான் பொரியலுக்கும் பொங்கலுக்கும் இடையே கோடு போடுகிறது. வறுக்காமல் வேகவைத்த சாமை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். வறுத்தது உதிரும்.

ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டு டம்ளர் தண்ணீர். கஞ்சிக்கு வைக்கிற கணக்கு இதற்கு ஆகாது. உப்புப் போட்டுத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, வறுத்த அரிசியைக் கொட்டி, மறுபடி கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடிவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடம். நடுவில் மூடியைத் திறந்து கிளறினால் ஆவியும் போகும், மணியும் உடையும். அடுப்பை அணைத்த பிறகும் பத்து நிமிடம் மூடியே இருக்கட்டும். மேலே இருக்கும் மணி கொஞ்சம் விறைப்பாகவும் அடியில் இருப்பது கொஞ்சம் ஈரமாகவும் இருக்கும். அந்தப் பத்து நிமிடத்தில்தான் இரண்டும் சமமாகும். பிறகு அகலமான தாம்பாளத்தில் கொட்டி, கரண்டிக் காம்பால் லேசாகக் கிளறி ஆறவிடுங்கள். குக்கரில் வைத்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும், ஆனால் உதிராது. பொரியலுக்குக் குக்கர் வேண்டாம்.

சாமை ஆறும் நேரத்தில் மல்லாட்டை. சின்னத் தீயில், பொறுமையாக. தீ கூடினால் தோல் கருகி உள்ளே பச்சையாக நிற்கும். முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படபடவென்று வெடிக்கும். அந்தச் சத்தம் அடங்கும்போது இறக்குங்கள். வாணலியின் சூட்டிலேயே விட்டுவைத்தால் கருகும், தட்டில் மாற்றிவிடுங்கள். சூடாக இருக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். தோலை உரிப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். அந்த லேசான துவர்ப்பு சாமைக்கு நன்றாகச் சேரும் என்பது என் கட்சி. பாதியை உரலில் இட்டு ஒன்றிரண்டாகத் தட்டுங்கள், பாதியை முழுதாக வையுங்கள். தட்டியது சாமையோடு கலந்து அதன் வறட்சியைப் போக்கும். முழுதாக இருப்பது பல்லுக்கு வேலை கொடுக்கும்.

தாளிப்பைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வெங்காயம் பொன்னிறமாக வேண்டாம், கண்ணாடிபோல் வந்ததும் போதும். சாமையைப் போட்டு ஒரு புரட்டு, தட்டிய மல்லாட்டையைப் போட்டு இன்னொரு புரட்டு, எலுமிச்சைச் சாறு. முழு மல்லாட்டையைப் பரிமாறும்போதுதான் சேர்க்கவேண்டும். முன்கூட்டியே கலந்துவிட்டால் சாமையின் ஈரத்தைக் குடித்து அரை மணியில் நமுத்துப்போகும்.

இனிச் சத்துக் கணக்கு. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட பட்டியலின்படி 100 கிராம் சாமையரிசியில் புரதம் சுமார் 10 கிராம், நார்ச்சத்து சுமார் 8 கிராம். தீட்டிய பச்சரிசியில் இவை சுமார் 8, 3. மல்லாட்டையில் புரதம் சுமார் 24 கிராம், கொழுப்பு சுமார் 40 கிராம். நாம் எடுத்த அளவுக்குக் கணக்குப் போட்டால் சாமையிலிருந்து 17 கிராம் புரதம், மல்லாட்டையிலிருந்து 14 கிராம். சாமையின் எடையில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே இருக்கும் மல்லாட்டை புரதத்தில் கிட்டத்தட்டச் சரிபாதி கொண்டுவருகிறது.

இங்கே இரண்டு விஷயங்களை நான் மறைக்கக் கூடாது. சாமையில் இரும்புச்சத்து கொட்டிக்கிடக்கிறது என்று சுவரொட்டிகளில் எழுதுகிறார்கள். அதே நிறுவனத்தின் பழைய பட்டியலில் 9 மில்லிகிராமுக்கு மேல் இருந்தது உண்மை. 2017 பட்டியலில் அது 1.3 மில்லிகிராம் அளவுக்கு வந்துவிட்டது. இரத்தசோகை உள்ள பெண் சாமையை நம்பி மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அடுத்தது, சர்க்கரை நோய்க்காரர்கள் சாமையை வயிறு நிறையச் சாப்பிடலாம் என்ற பேச்சு. சாமையிலும் 100 கிராமுக்கு 65 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அளவில்லாமல் சாப்பிட்டால் அதுவும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

புரதத்தில் லைசின் என்ற ஒரு கூறு உண்டு. சாமையில் அது குறைவு, மல்லாட்டையிலும் அது போதாது. பருப்பிலும் பயறிலும் தயிரிலும் நிறைய இருக்கிறது. ஆக, சாமையும் மல்லாட்டையும் மட்டுமே ஒரு வேளை உணவாகிவிட்டால் ஒரு குறை நிற்கும். சாம்பார் ஊற்றிய சோற்றுக்குப் பக்கத்தில், மோருக்கு முன்னால், பொரியலாக வந்தால் அந்தக் குறை இலையிலேயே தீர்ந்துவிடும். இலை ஓரம் என்று நான் அடம்பிடிப்பதற்கு நாக்கு ஒரு காரணம், இது இன்னொரு காரணம்.

மாற்றிச் செய்ய நினைப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். தினைக்கும் இதே முறைதான். குதிரைவாலி சீக்கிரம் குழையும், தண்ணீரைக் கால் டம்ளர் குறையுங்கள். வரகுக்கு ஊறல் கூடுதலாக வேண்டும். மல்லாட்டைக்குப் பதில் முந்திரி போடலாம், ஆனால் விலையை யோசியுங்கள். எள்ளை வறுத்துத் தூவினால் அதுவும் அருமை.

கடைசியாக, விடுதிகளிலும் சத்துணவுக் கூடங்களிலும் சமைக்கும் சகோதரிகளுக்கு. நூறு பிள்ளைகளுக்கு 4 கிலோ சாமை, ஒன்றரை கிலோ மல்லாட்டை. வீட்டுக் கணக்கை அப்படியே பெருக்கித் தண்ணீர் வைத்துவிடாதீர்கள். பெரிய அண்டாவில் ஆவியாகிப் போகும் நீர் அளவுக்கு ஏற்பக் கூடுவதில்லை, மிச்ச நீர் சாமையைக் குழைத்துவிடும். இந்த நாலு கிலோவுக்கு எட்டரை லிட்டரில் தொடங்குங்கள், போதாவிட்டால் கொதிநீர் தெளித்துக்கொள்ளலாம். ஆழமான பாத்திரம் வேண்டாம். அகலமான இரண்டு பாத்திரங்களில் பிரித்து வையுங்கள், அப்போது அடியில் இருப்பதை மேலே இருக்கும் எடை அழுத்தாது. சில பிள்ளைகளுக்கு மல்லாட்டை ஒத்துக்கொள்ளாது. தடிப்பு, மூச்சுத்திணறல் வரை போகும், அபூர்வமாக உயிருக்கே ஆபத்தாகும். பள்ளி திறந்ததும் பெற்றோரிடம் கேட்டு, அந்தப் பிள்ளைகளின் பெயரை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். அவர்களுக்கு மல்லாட்டை சேராத சாமையைத் தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியோடு, முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். மற்றவர்களுக்கு முழுக் கடலையைத் தனிக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு தட்டில் சாமை விழுந்த பிறகு மேலே போடுங்கள். இன்னும் ஒரு பிடி என்று தட்டை நீட்டுகிற பிள்ளைக்குப் போட அந்தக் கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் மிச்சம் வைத்திருங்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். முதலில் அந்தப் பின்வரிசை அம்மா கையைத் தூக்கினார்கள், அவர்கள் பேசட்டும்.